பாரிஸ் வாடகை மின் ஸ்கூட்டர்: ஓட்டியவர் போட்ட மார்க், நடந்தவர் போட்ட மார்க்

பாரிஸில் வாடகை மின் ஸ்கூட்டர் சேவை 2018 ஜூனில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 31ஆம் தேதி நின்றது. உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பலகைமேல் நின்று, கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற ஒல்லியான வண்டி, பிரெஞ்சில் ட்ரொத்தினெத். கடைசி மூன்று ஆண்டுகள் லைம், டாட், டியர் என்ற மூன்று நிறுவனங்கள் தலைக்கு 5,000 வீதம் 15,000 வண்டிகளை ஓடவிட்டன. பிறகு நகராட்சி ஊராரிடம், இந்த வாடகை வண்டி வேண்டுமா வேண்டாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வாக்கெடுத்தது. வண்டிகள் போய்விட்டன.

மூடிப்போன சேவைக்கு இப்போது எதற்கு மதிப்புரை என்றால், இதே நிறுவனங்கள் (டியர் 2024இல் டாட்டோடு இணைந்துவிட்டது) இதே மாதிரி வண்டிகளோடு வேறு பல நகரங்களில் இன்னும் தொழில் செய்கின்றன. புதிய ஊர்களின் கதவையும் தட்டுகின்றன. பாரிஸில் எது நன்றாக ஓடியது, எது மக்களை வெறுப்பேற்றியது என்று தெரிந்துவைத்துக்கொண்டால், நம் ஊர் நகராட்சியிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

முதலில் ஓட்டுபவர் பக்கம்.

எடுப்பது சுலபம். செயலியைத் திறந்தால் பக்கத்தில் நிற்கும் வண்டிகளும் ஒவ்வொன்றின் பேட்டரி அளவும் வரைபடத்தில் தெரியும். கைப்பிடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். ஆனால் திறப்பதற்கு முன் அரை நிமிடம் வண்டியைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மீட்டர் திறந்த நொடியிலிருந்து ஓடும். கைப்பிடித் தண்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அடியில் 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பிரேக் லீவரை அழுத்தினால் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போகக் கூடாது. போனால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பலகையின் நடுவில் கீறல் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் எரிய வேண்டும்.

ஏறியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி நகராது. புதிதாக வருபவர்கள் 'ரிப்பேர் வண்டி' என்று விட்டுவிட்டுப் போவது இதனால்தான். காலால் இரண்டு மூன்று முறை உந்தி, நடக்கும் வேகம் வந்த பிறகே மோட்டார் பிடிக்கும். நிற்கும் வண்டியில் கட்டைவிரல் தவறிப் பட்டால் அது கையை விட்டுப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

ஓட்டும்போது ஆபத்து சக்கரத்தில் இருக்கிறது. முதல் தலைமுறை வண்டிகளின் சக்கரம் எட்டரை அங்குலம், பின்னால் வந்தவை பத்து. சாதாரண சைக்கிள் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். சைக்கிள் ஏறி இறங்கிவிடும் நான்கு சென்டிமீட்டர் பள்ளத்தில் இந்தச் சக்கரம் மாட்டி நின்றுவிடும். மேலே நிற்கிற ஆள் நிற்க மாட்டார், கைப்பிடியைத் தாண்டி முன்னால் போவார். பாரிஸின் பழைய தெருக்களில் கல் பாவிய தரை அதிகம். பஞ்சர் தொல்லைக்குப் பயந்து சில வண்டிகளில் காற்றில்லாத கெட்டி டயர் போட்டிருந்தார்கள். கல் தரையில் அது முழங்கால்வரை அதிரும், அந்த அதிர்விலேயே திருகுகளும் தளரும், மழையில் பிடிமானமும் குறையும். பல மாடல்களில் மோட்டார் முன்சக்கரத்துக்குள் இருப்பதால், ஈரமான வெள்ளைக் கோட்டின்மேலோ இரும்பு மூடியின்மேலோ வேகம் கூட்டினால் முன்சக்கரமே வழுக்கும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

அதனால் பள்ளம், தண்டவாளம், நடைபாதை விளிம்பு எதையும் சாய்வாகக் கடக்காமல் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். முழங்காலை மடக்கி, ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து நிற்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். திரும்பும்போது கை காட்டச் சொல்வார்கள். ஒரு கையை எடுத்தால் இந்தச் சிறிய சக்கரம் தன்பாட்டுக்கு ஆடும். கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குறை இது. கைப்பிடி முனையில் திருப்ப விளக்கு உள்ள வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

விலைக்கு வருவோம். தொடக்கத்தில் பூட்டுத் திறக்க 1 யூரோ, பிறகு நிமிடத்துக்கு 15 சென்ட். போகப்போக நிமிடக் கட்டணம் 20 சென்ட்டைத் தாண்டி, கடைசி ஆண்டில் 25 சென்ட்டை ஒட்டி வந்தது. வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும், சிக்னல், வேகக் குறைப்புப் பகுதி எல்லாம் சேர்த்தால் சராசரி 12, 13தான் வரும். அப்படியானால் 4 கிலோமீட்டருக்குச் சுமார் 20 நிமிடம், கையிலிருந்து போவது 6 யூரோ. அதே 2023இல் மெட்ரோ டிக்கெட் 2.10 யூரோ. தினமும் வேலைக்குப் போக இது கட்டுப்படியாகாது. அவசரத்துக்கு, இரவுக்கு, மெட்ரோ வேலைநிறுத்த நாளுக்குச் சரி. நிமிடத்துக்குக் கட்டணம் என்ற முறையே ஒரு கேடு: சிவப்பு விளக்கில் நிற்கிற ஒவ்வொரு நொடியும் காசு என்று தெரிந்தால் யார் நிற்பார்? சிக்னலை மீறாதே என்று செயலியில் அறிவுரை, மீறினால் லாபம் என்று கட்டணத்தில் ஆசை. தூரத்துக்குக் கட்டணம் வைத்திருந்தால் இந்த முரண்பாடு இருந்திருக்காது.

வண்டியின் தரம் ஐந்து ஆண்டுகளில் நிஜமாகவே உயர்ந்தது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018இல் இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் வீட்டு உபயோகத்துக்கு விற்ற வண்டியையே தெருவில் இறக்கினார்கள். பேர்ட் நிறுவனம் பயன்படுத்திய ஷாவ்மி எம்365 பன்னிரண்டரை கிலோ எடை. ஒருவர் தன் வண்டியாகப் பார்த்துப் பார்த்து ஓட்டச் செய்தது; பத்துப் பேர் கை மாறி, குதித்து ஏறி, போட்டுவிட்டுப் போக அது தாங்காது. மடிக்கும் இணைப்புதான் முதலில் ஆட்டம் காணும். 2018 நவம்பரில் லைம் நிறுவனம், ஓகாய் என்ற நிறுவனம் தனக்குத் தயாரித்துக் கொடுத்த வண்டிகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பலகை முறிகிறது என்பதே காரணம். அடுத்த சில வாரங்களில் சுவிட்சர்லாந்தில் இன்னொரு சிக்கல்: இறக்கத்தில் முழு வேகத்தில் போகும்போது பள்ளத்தில் விழுந்தால், மென்பொருள் பிழையால் முன்சக்கரம் தானாக இறுகிப் பிரேக் பிடித்தது. பின்னால் வந்த வாடகை வண்டிகள் இரு மடங்குக்கும் மேல் எடை, மடிக்க முடியாத தண்டு, அகலப் பலகை, பெரிய சக்கரம் என்று இதற்கென்றே செய்தவை.

பேட்டரி ஏற்பாடும் மாறியது. முதலில் இரவானால் வேன் வைத்திருக்கும் ஆட்கள் வண்டிகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கிடைத்த பிளக்கில் எல்லாம் சார்ஜ் ஏற்றி, விடிகாலையில் திரும்ப வைப்பார்கள். வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. புகை இல்லாத வண்டி என்ற விளம்பரத்துக்குப் பின்னால் ராத்திரி முழுக்க டீசல் வேன் சுற்றியது. கழற்றி மாற்றும் பேட்டரி வந்த பிறகு, ஊழியர் பேட்டரிகளை மட்டும் சரக்கு சைக்கிளில் கொண்டுவந்து, வண்டி நிற்கும் இடத்திலேயே மாற்றிவிட்டுப் போனார். சேவையின் பசுமைக் கணக்கு இந்த ஒரு மாற்றத்தால்தான் கொஞ்சமாவது நேரானது. மிச்சக் கணக்கு அவ்வளவு அழகில்லை: 2019இல் பிரான்சில் பயனாளிகளிடம் கேட்டபோது, ஸ்கூட்டர் இல்லையென்றால் நடந்திருப்போம், மெட்ரோவில் போயிருப்போம் என்றவர்களே அதிகம், காரை விட்டு வந்தவர்கள் மிகச் சிலர்.

ஓட்டியவர் என்ற முறையில் கடைசிக் காலச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை தாராளமாகக் கொடுக்கலாம். ஊர் அதை ஓட்டியவர்களின் கண்ணால் பார்க்கவில்லை.

நடந்து போனவர் பார்த்தது இது. 2019இல் பன்னிரண்டு நிறுவனங்கள்வரை வந்து குவிந்தன, சுமார் 20,000 வண்டிகள், உரிமம் என்று எதுவும் இல்லை, நிறுத்துமிடம் என்று எதுவும் இல்லை. இறங்கிய இடமே நிறுத்துமிடம். கட்டட வாசலில், பஸ் நிறுத்தத்தில், பார்வையற்றவர்களுக்காகத் தரையில் பதித்த மேட்டுக் கோட்டின் குறுக்கே. இருபது முப்பது கிலோ வண்டி ஒன்று காற்றில் சாய்ந்து கிடந்தால், சக்கர நாற்காலியில் வருபவர் அதைத் தூக்கி ஓரம் வைக்க முடியாது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் தெருவில் இறங்கிச் சுற்ற வேண்டும். வண்டிகள் சேன் நதிக்குள்ளும் போய் விழுந்தன, மூழ்காளர்கள் எடுத்தார்கள். நடைபாதையில் ஓட்டினால் 135 யூரோ, தடையாக நிறுத்தினால் 35 யூரோ அபராதம் என்று நகராட்சி அறிவித்தது. ஓடிப்போகிற ஆளை யார் பிடிப்பது? நம்பர் பிளேட் கிடையாதே.

2020இல்தான் டெண்டர் விட்டு மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 2,500 நிறுத்துமிடங்கள் வரைந்தார்கள், பலவும் முன்பு கார் நின்ற இடங்கள். பாதசாரிக் கடவைக்குச் சற்று முன்னால் கார் நின்றால் குறுக்கே வருபவரை மறைக்கும், ஸ்கூட்டர் மறைக்காது. ஆகவே அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. கட்டத்துக்குள் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினால்தான் பயணம் முடிந்ததாகச் செயலி ஏற்கும். இதற்குப் பிறகு நடைபாதை எவ்வளவோ தேறியது.

ஆனாலும் கணக்கு இடித்தது. 15,000 வண்டியை 2,500ஆல் வகுத்தால் கட்டத்துக்கு ஆறு. காகிதத்தில் சரி. காலையில் எல்லோரும் அலுவலகப் பக்கம் போவார்கள், மாலையில் ரயில் நிலையத்துக்கும் ஆற்றங்கரைக்கும் வருவார்கள். அப்போது ஓர் இடத்தில் பதினைந்து வண்டி, இன்னோர் இடத்தில் ஒன்றும் இல்லை. நிரம்பிய கட்டத்துக்கு வந்தவர் அடுத்த கட்டம் தேடிச் சுற்ற வேண்டும், மீட்டர் ஓடும்; அல்லது கட்டத்தின் விளிம்பில் இரண்டாம் வரிசையாக நிறுத்திப் படத்தை எடுத்துவிட்டுப் போவார். இரண்டாம் வரிசை நடைபாதையில் நீளும். வண்டிகளை அள்ளிப் பரப்பும் ஆட்கள் வருவதற்குள் புகைப்படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டாகிவிடும்.

ஜிபிஎஸ்ஸும் கை கொடுக்கவில்லை. உயரமான கட்டடங்களுக்கு இடையில் உள்ள குறுகிய தெருவில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டு வருவதால் இடம் பத்து மீட்டர் அங்கே இங்கே என்று காட்டும். கட்டத்தின் நீளமே ஒரு கார் அளவு. கட்டத்துக்குள் நிற்கும் வண்டியை வெளியே என்று சொல்லும், வெளியே நிற்பதை உள்ளே என்று ஏற்கும். 2021 நவம்பரிலிருந்து சுமார் 700 பகுதிகளில் வேகத்தைத் தானாகவே 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். பள்ளி வாசல், கடைத்தெரு போன்ற இடங்களில் அது சரியான முடிவு. ஆனால் பக்கத்துத் தெருவின் எல்லை இந்தத் தெருவில் தவறிப் பட்டால், பேருந்துக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறவரின் வண்டி திடீரென்று தளரும்.

இந்த வேகக் குறைப்புக்கு முன்கதை உண்டு. 2021 ஜூனில் சேன் ஆற்றங்கரையில் நடந்து போன ஒரு பெண்ணை, இருவர் ஏறி வந்த ஸ்கூட்டர் மோதியது, அவர் இறந்தார். ஊரின் மனநிலை அதோடு இறுகியது. 2022இல் பாரிஸில் ஸ்கூட்டர் விபத்துகளில் மூவர் இறந்தார்கள், 459 பேர் காயமடைந்தார்கள். இதில் சொந்த வண்டிகளும் அடக்கம் என்பதை வாக்கெடுப்பின்போது யாரும் பெரிதாகப் பிரித்துச் சொல்லவில்லை.

நடந்தவர் என்ற முறையில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஐந்துக்கு ஒன்று. 2020க்குப் பிறகு இரண்டரை. பெயர் மட்டும் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கெட்டதுதான்.

2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. 89.03 சதவீதம் எதிர்ப்பு. இருபது வட்டாரங்களிலும் எதிர்ப்பே வென்றது. ஆதரவாக விழுந்தவை 11,000 சொச்சம்தான். வாக்களித்தவர்கள் 1,03,084 பேர். பட்டியலில் இருந்தவர்களோ சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம், அதாவது 7.46 சதவீதமே வந்தார்கள். மொத்தம் 21 இடங்களில்தான் வாக்குச்சாவடி, இணைய வாக்கு கிடையாது, அன்றைக்கே பாரிஸ் மாரத்தானும். நிறுவனங்கள் இதைச் சொல்லிப் புலம்பின. புலம்பலில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை: வாக்களிக்கப் போகிறவர்களுக்கு இலவசப் பயணம், சமூக ஊடகப் பிரபலங்களை வைத்துப் பிரச்சாரம் என்று அவர்களும் கையில் இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். அப்படியும் ஓட்டுகிறவர்கள் வரவில்லை. காசு கொடுத்து ஓட்டுபவருக்கு அது பல வழிகளில் ஒன்று. இது போனால் வேலிப் என்ற நகர வாடகை சைக்கிள், மெட்ரோ. தினமும் வாசலில் தடுக்கி விழுகிறவருக்கு அது ஒரே கோபம். கோபக்காரர் வரிசையில் நிற்பார்.

இன்னொரு கூட்டத்துக்கு வாக்கே இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும், பதிவு செய்துகொண்ட ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் மட்டுமே வாக்களிக்கலாம். அதுவும் பாரிஸ் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் கடையிலோ உணவகச் சமையலறையிலோ வேலை முடித்து, புறநகர் வீட்டுக்குப் போகிற நம்மவர்களில் பலர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். வார நாளில் மெட்ரோ இரவு 1.15 வாக்கில் நின்றுவிடும். அதற்குப் பிறகு வேலை முடிகிறவருக்கு இரவு பஸ் நிறுத்தம்வரை போக இந்த வண்டி உதவும். அவரிடம் கருத்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மற்ற ஊர்கள் வேறு வேறு வழிகளில் போயின. ஓஸ்லோ 2021இல் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்ததை 8,000 ஆக வெட்டி, இரவு 11 முதல் காலை 5 வரை வாடகையை நிறுத்தியது. குடித்துவிட்டு ஓட்டி விழுந்தவர்களால் மருத்துவமனைகள் நிரம்பியதே அதற்குக் காரணம். கோபன்ஹேகன் 2020இல் விரட்டி, அடுத்த ஆண்டு நகர மையத்தில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு திரும்ப அழைத்தது. மெல்பர்னும் மாட்ரிட்டும் 2024இல் விரட்டின. சிங்கப்பூர் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின் ஸ்கூட்டரையே தடைசெய்தது. மீறினால் 2,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாடகைச் சேவைக்கு அங்கே உரிமமே கொடுக்கவில்லை.

ஓர் ஊர் இதைக் கொண்டுவர நினைத்தால் வரிசை முக்கியம்: கட்டம் முதலில், வண்டி பிறகு. பாரிஸ் இரண்டு ஆண்டு தாமதமாகச் செய்தது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை வண்டியின் எண்ணிக்கையைவிட வேறு. கட்டத்தின் கொள்ளளவை எண்ணிக்கையைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஒரே பக்கம் போவார்கள். தடையாகக் கிடக்கும் வண்டியை எத்தனை மணி நேரத்தில் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நாளுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். கட்டம் நிரம்பியிருந்தால் மீட்டர் நிற்க வேண்டும். நம்பர் பிளேட் முதல் நாளிலிருந்து வேண்டும்; பாரிஸில் பிளேட்டும், 18 வயது ஆனதா என்று அடையாள அட்டையைச் சரிபார்ப்பதும் வாக்கெடுப்புப் பேச்சு சூடுபிடித்த காலத்தில்தான் வந்தன, ஊரார் மனம் அதற்குள் மாறிவிட்டது. ஒரே வண்டியில் இருவர் ஏறுவதுதான் விபத்தில் அதிகம் பேசப்பட்ட காரணம். பலகையில் எடை உணர்வி வைத்துத் தடுக்க முடியுமா என்று கேளுங்கள், 'அறிவுரைச் செய்தி அனுப்புவோம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

வாடகை வண்டி போன பிறகு பாரிஸில் சொந்தமாக வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். தடை வாடகைக்கு மட்டுமே. சொந்த வண்டி ஓட்டலாம். 14 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவர் மட்டும், உச்ச வேகம் 25, காதில் இயர்போன் கூடாது. வேகக் கட்டுப்பாட்டை நீக்கி 25க்கு மேல் போகும்படி மாற்றிய வண்டிக்கு 1,500 யூரோ வரை அபராதம். மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம்; வீட்டுக் காப்பீட்டில் இது அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அடங்காது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 3,750 யூரோ வரை போகலாம். வாடகை வண்டியில் அது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்ததால் யாருக்கும் இந்த நினைப்பே வரவில்லை. கடைக்காரரும் பில் போடும்போது சொல்வதில்லை.